சனிக் கிரகமும் அதன் துணைக்கோள்களும்

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரிப்பதற்காக ஆலயத்துக்கு வரும் குடும்பங்களோடு பிள்ளைகளும் வருகிறார்கள். நவக்கிரகத்தைச் சுற்றும்போது, மேற்கு நோக்கிக் கறுப்பு வஸ்திரத்தோடு நிற்கும் சனீஸ்வரரைப் பார்த்து, "பள்ளிக்கூடப் புத்தகத்தில் வளையத்தோடு இருக்கும் சனி இவர்தானா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் விடுவதில்லை. எம்மிற் பலர் "பேசாமல் கும்பிடு" என்று சொல்லி அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறோம். கேள்வி நியாயமானது. மறுமொழி சொல்ல எமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. பெற்றோர் தாம் வாசித்து, பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். சனி சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு இராசிகளுக்கும் அதைப் பங்கிட்டால் இராசிக்கு இரண்டரை ஆண்டு வரும். சனிப்பெயர்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான். புறநானூற்றிலே இக்கோள் மைம்மீன் என்ற பெயரால் வருகிறது. கருவி எதுவும் இல்லாமல், வெறுங்கண்ணால் பார்த்து, தகப்பன் குறித்ததை மகன் தொடர்ந்து குறித்து, இந்த நடையைக் கணக்கிட்டு வைத்தார்கள். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் சனியின் இரண்டு சுற்றுகளை, மிஞ்சினால் மூன்றை, காணலாம். அப்படியிருந்தும் கணக்குச் சரியாக வந்தது.

ஆனால் வளையத்தை அவர்கள் காணவில்லை. காணவும் முடியாது, அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நமது முன்னோர் சனியின் வளையத்தையும் அறிந்திருந்தார்கள் என்று சில மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். இதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பதே நல்லது. நாளைக்கு அவர்கள் நூலகத்தில் உண்மையை வாசிக்கும்போது, வளையத்தைப் பற்றி நாம் சொன்னதை மட்டுமல்ல, திருமுறையைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் சொன்னதையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். சைவசமயம் கிரகங்களை இறைவனின் ஆணைப்படி இயங்குபவை என்று சொல்கிறது. அந்த ஆணையை நினைந்து வணங்குவது ஒன்று, வானத்தில் ஓடும் கோளைக் கருவி கொண்டு ஆராய்வது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றாயிருப்பதனால் ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக இழுக்க வேண்டியதில்லை. பிள்ளை கேட்டால் இவ்வளவையும் சொல்லலாம்.

கலிலியோ 1610ஆம் ஆண்டு தமது சிறிய தொலைகாட்டியாற் சனியைப் பார்த்தார். கோளின் இருபுறமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார், என்னவென்று விளங்கவில்லை. 1612இல் மறுபடி பார்த்தபோது அவை மறைந்துவிட்டன. வளையத்தின் விளிம்பு எமக்கு நேராகத் திரும்பும் காலத்தில், கத்தியைக் கூர்ப்பக்கமாகப் பார்ப்பதுபோல, அது இல்லாததுபோலவே ஆகிவிடும். 2025 மார்ச்சிலும் அப்படித்தான் நடந்தது. ஒல்லாந்துக்காரரான ஹைகன்ஸ் 1655இல் டைட்டன் என்னும் துணைக்கோளைக் கண்டார். 1659இல், ஒட்டிக்கொண்டிருந்தவை உண்மையில் ஒரு வளையமே என்று எழுதினார். பின்னர் பாரிஸ் நகரத்தில் காசினி என்பவர் இன்னும் நான்கு துணைக்கோள்களையும் வளையத்தின் நடுவே ஓர் இடைவெளியையும் கண்டார். 1789இல் வில்லியம் ஹெர்ஷல் என்சலடஸ் என்னும் சிறு துணைக்கோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதே. அதன் குறுக்களவு ஏறக்குறைய 504 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு அது தொலைகாட்டியில் ஒரு வெளிச்சப் புள்ளியாகவே இருந்தது.

சனி சூரியனிலிருந்து சராசரி 143 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அங்கே முதலிற் போனது பயனியர் 11, 1979ஆம் ஆண்டு. வோயேஜர் 1 என்ற கலம் 1980 நவம்பரிலும் வோயேஜர் 2 என்ற கலம் 1981 ஆகஸ்டிலும் அவ்வழியாற் சென்றன. இவை நின்று பார்க்கவில்லை, கடுகதிப் புகைவண்டி சிறு நிலையத்தைத் தாண்டுவதுபோலக் கடந்து போயின. டைட்டனிலே செம்மஞ்சள் மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என்சலடஸின் படங்கள் விசித்திரமாயிருந்தன. எமது சந்திரனின் முகத்தைப் பாருங்கள், விண்கற்கள் விழுந்த குழிகள் நிறைந்திருக்கும். பழைய தரை என்றால் குழி நிறைய இருக்க வேண்டும். என்சலடஸின் சில பகுதிகளில் குழிகளே இல்லை, புதுப் பனி விழுந்தாற்போல வெண்மையாயிருந்தது. இத்தனை சிறிய, உறைந்துபோன உருண்டையில் தரையை யார் புதுப்பிக்கிறார்கள்? வோயேஜர்களால் இதற்கு விடை தர முடியவில்லை.

விடை தேடி அமெரிக்க, ஐரோப்பிய, இத்தாலிய விண்வெளி நிறுவனங்கள் சேர்ந்து அனுப்பிய கலம் காசினி. அதன் முதுகிலே டைட்டனில் இறங்குவதற்கான ஹைகன்ஸ் என்னும் சிறு கலம். எரிபொருளோடு ஐயாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரம். 1997 ஒக்டோபர் 15ஆந் திகதி புறப்பட்டது. இவ்வளவு பாரத்தை நேரே சனிக்கு எறிய அக்கால ரொக்கட்டுகளுக்கு வலு போதாது. ஆகவே கலம் முதலில் எதிர்ப்பக்கமாக வெள்ளிக்குப் போயிற்று. ஓடும் கோளின் ஈர்ப்பில் அகப்பட்டு வெளியேறும் கலம், அந்தக் கோளின் ஓட்டத்திற் சிறிதைத் தானும் எடுத்துக்கொண்டு விரைவு பெறும். வெள்ளியை இரண்டு தரம், பூமியை ஒரு தரம், வியாழனை ஒரு தரம் இவ்வாறு தொட்டுச் சென்று, 2004 ஜூலை 1ஆந் திகதி சனியை அடைந்து அதைச் சுற்றத் தொடங்கியது. ஏழு ஆண்டு வழிப்பயணம்.

டைட்டன் கதையைச் சுருக்கமாகவே சொல்வோம், ஆனால் அதில் ஒரு செய்தியை விட மனமில்லை. ஹைகன்ஸ் இறங்கும்போது தன் தகவலைக் காசினிக்கு வானொலியில் அனுப்பும், காசினி அதைப் பூமிக்கு அஞ்சல் செய்யும், இதுதான் ஏற்பாடு. கலம் புறப்பட்டு இரண்டரை ஆண்டு கழிந்து, 2000ஆம் ஆண்டில், போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பூமியிலிருந்து போலிச் சமிக்ஞைகளை அனுப்பிச் சோதித்தபோது, காசினியின் வாங்கிக்கருவி அவற்றைச் சரியாகப் படிக்கவில்லை என்று தெரிந்தது. அம்புலன்ஸ் வண்டி எம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? வானொலி அலைக்கும் அப்படியே. இரண்டு கலங்களும் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்தால் வரும் மாற்றத்துக்கு அந்தக் கருவி முழுமையாக ஈடுகொடுக்கவில்லை. கலமோ கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால். கருவியைக் கழற்றித் திருத்த முடியாது. ஆகவே வழியைத் திருத்தினார்கள். ஹைகன்ஸ் இறங்கும் வேளையில் காசினி தொலைவாக விலகிப் பக்கவாட்டில் கடக்கும்படி பாதையை மாற்றினார்கள், நெருங்கும் வேகம் குறைந்தது.

2005 ஜனவரி 14ஆந் திகதி ஹைகன்ஸ் பரசூட்டில் இரண்டரை மணி நேரம் மிதந்து இறங்கியது. ஆனால் இருந்த இரண்டு அலைவரிசைகளில் ஒன்றைத் திறக்கும் கட்டளை காசினிக்குக் கொடுக்கப்படவில்லை! படங்களிற் பாதியும், காற்றின் வேகத்தை அளக்கும் சோதனையும் அந்த அலைவரிசையில் இருந்தன. படங்கள் போனது போனதுதான். காற்றின் அளவைத் தப்பவைத்தவை பூமியிலிருந்த தொலைகாட்டிகள். பத்து வாற்று அளவான அந்தச் சிறு ஒலிபரப்பியின் குரலை அமெரிக்காவிலும், இங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பார்க்ஸ் வானொலித் தொலைகாட்டியிலும் நேரே பிடித்து, அலை மாறிய அளவிலிருந்து காற்றைக் கணக்கிட்டார்கள். முன்பு தொல்லை கொடுத்த அதே அலைமாற்றம் இம்முறை உதவியது. கிடைத்த படங்களில், ஆற்றோரக் கூழாங்கற்கள்போல உருண்டையான கற்கள் தெரிந்தன. அவை பாறை அல்ல, நீர் உறைந்த பனிக்கட்டி. சுழியத்துக்குக் கீழ் 179 பாகைக் குளிரில் அங்கே பனிக்கட்டி பாறையாகிறது, மெதேன் மழையாகப் பெய்து ஆறாக ஓடுகிறது. பின்னர் காசினியின் ராடர் வடதுருவத்தருகே மெதேன் ஏரிகளையும் கடல்களையும் கண்டது.

இனி என்சலடஸ்.

கடையில் தேங்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காதருகே பிடித்து ஆட்டிப் பார்க்கிறோம். தட்டிப் பார்க்கிறோம். கையில் பாரம் பார்க்கிறோம். உடைத்துப் பார்த்து வாங்கக் கடைக்காரர் விடமாட்டார். காசினியும் என்சலடஸை உடைக்கவில்லை, அதில் இறங்கவுமில்லை. அதற்கான கருவியே அதனிடம் இருக்கவில்லை. இருந்தும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் துப்புக் கொடுத்தது கமரா அல்ல, காந்தமானி. சனியின் காந்தப்புலம் என்சலடஸைத் தாண்டிப் பரந்திருக்கிறது. வெறும் பனி உருண்டை என்றால் புலம் அதனூடே அப்படியே போயிருக்க வேண்டும். 2005 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அருகாகப் போனபோது, ஆற்றிலே கல்லைச் சுற்றி நீர் வளைவதுபோலப் புலம் அங்கே வளைந்திருந்தது. ஏதோ வாயு அங்கே தடை செய்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய உருண்டையின் ஈர்ப்புக்கு வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் வலு இல்லை. வாயு இருக்கிறது என்றால் ஓயாமல் உள்ளிருந்து வந்துகொண்டிருக்க வேண்டும். காந்தமானிக் குழுவுக்குத் தலைமை வகித்த, இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மிஷேல் டௌகர்ட்டி அம்மையார், அடுத்த தடவை இன்னும் கிட்டப் போகவேண்டும் என்று கேட்டார். ஜூலைக்குத் திட்டமிட்டிருந்த தூரம் 1,000 கிலோமீற்றர். அதை 173 கிலோமீற்றராகக் குறைத்தார்கள்.

இன்னொரு சோதனை எமக்குப் பழக்கமான நட்சத்திரங்களோடு சேர்ந்தது. ஒரு நட்சத்திரத்தை என்சலடஸ் மறைக்கும் நேரத்தில், மறையுமுன் அதன் ஒளி மங்குகிறதா என்று பார்ப்பது. மங்கினால் இடையில் வாயு உண்டு. பெப்ரவரியில் பார்த்தது விருச்சிகத்தின் வாலிலுள்ள நட்சத்திரம், எமது பஞ்சாங்கத்தின் மூல நட்சத்திரக் கூட்டத்தைச் சேர்ந்தது. மங்கவில்லை. ஜூலை 14ஆந் திகதி பார்த்தது, திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தில் அதற்குப் பக்கத்தேயுள்ள பெலாட்ரிக்ஸ். அது தென்துருவத்தருகே மறைந்தது. மங்கியது. நடுவே நீராவி இருந்தது. ஆக வாயு எங்கும் இல்லை, தென்துருவத்தில் மட்டும் இருக்கிறது. அதே பயணத்தில் வெப்பமானியும் தென்துருவம் எதிர்பார்த்ததைவிடச் சூடாயிருப்பதைக் கண்டது. கமரா அங்கே நான்கு நீண்ட பிளவுகளைக் காட்டியது. புலியின் வரிகள்போல இருந்ததால் புலிவரிகள் என்றே அழைத்தார்கள். என்சலடஸில் உள்ள இடங்களுக்கு ஆயிரத்தொரு இரவுகள் கதையிலிருந்து பெயர் வைப்பது வழக்கம், அதன்படி இவற்றுக்கு அலெக்சாந்திரியா, கெய்ரோ, பக்தாத், டமஸ்கஸ் என்று பெயர்.

அவ்வாண்டு நவம்பரிலேதான் எல்லோரும் நம்பும் படம் கிடைத்தது. சாம்பிராணிப் புகையை வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தாற்றான் நன்றாகத் தெரியும். அதேபோலச் சூரியனை என்சலடஸின் பின்னால் வைத்து எடுத்த படத்தில், பிளவுகளிலிருந்து பனித்துகளும் நீராவியும் பீறிட்டு விண்வெளிக்குள் எழுவது தெரிந்தது. சனியின் வெளிப்புறத்திலுள்ள ஒரு மெல்லிய வளையம் முழுவதும் இந்தத் துகள்களால் ஆனதே. தரையை வெண்மையாகப் புதுப்பிப்பதும் இவைதான். வோயேஜர் விட்டுச் சென்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

நீராவி வந்தால் உள்ளே கடல் இருக்கிறது என்றாகிவிடாது. பனிக்கட்டி நேராகவே ஆவியாகலாம். இங்கேதான் உப்பு வருகிறது. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கீழே தங்கிவிடும், ஆவியோடு போகாது. ஆவியிலிருந்து உறைந்த துகளானால் அதில் உப்பு இருக்கக் கூடாது. காசினியின் தூசி ஆய்கருவி அந்த வளையத்துத் துகள்களிற் சோடியம் உப்பு இருப்பதைக் கண்டது, 2009இல் அது வெளியாயிற்று. அவை திரவ நீரின் துளிகளாகத் தெறித்து உறைந்தவை. அந்த நீர் பாறையைத் தொட்டுக் கரைத்த நீர்.

அடுத்தது பாரம் பார்ப்பது. என்சலடஸை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு காசினியைச் சற்று இழுக்கும், கலத்தின் வேகம் மாறும், பூமிக்கு வரும் அலையும் மாறும். முன்சொன்ன அம்புலன்ஸ் ஒலிதான். வினாடிக்கு ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த வேக மாற்றத்தைக்கூட இப்படி அளந்தார்கள். தென்துருவத்தில் தரை பள்ளமாயிருக்கிறது, ஆனால் பள்ளத்துக்குரிய அளவுக்கு ஈர்ப்புக் குறையவில்லை. பனிக்கட்டியைவிடப் பாரமான ஒன்று அடியில் இருந்து ஈடுசெய்கிறது. நீர் பனிக்கட்டியைவிடப் பாரமானது. 2014இல் வந்த முடிவு இது.

கடைசியில் ஆட்டிப் பார்ப்பது. முற்றிக் காய்ந்த தேங்காயில் பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்று உள்ளே ஆடும், கையில் எடுத்தாலே தெரியும். என்சலடஸ் சனியைச் சுற்றும்போது ஒரே முகத்தையே சனிக்குக் காட்டுகிறது, ஆனால் சிறிது இருபுறமும் அசைகிறது. ஏழு ஆண்டுகளில் எடுத்த படங்களில் தரையின் குறிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இந்த அசைவை அளந்தார்கள். 0.12 பாகை. மிகமிகச் சிறிது, ஆனால் அடிவரை கெட்டியான உருண்டை அவ்வளவுகூட அசையாது. மேலுள்ள பனி ஓடு நடுவிலுள்ள பாறையோடு ஒட்டியிருக்கவில்லை. இடையே சுற்றிவரக் கடல் இருக்கிறது. 2015இல் இது வெளிவந்தது. ஒரு வருடத்துக்கு முன் தென்துருவத்தில் மட்டும் என்று நினைத்த கடல், உருண்டை முழுவதுமாகப் பரந்திருக்கிறது என்றாயிற்று.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கம்பியை இங்குமங்கும் வளைத்தால் வளைத்த இடம் சுடுகிறது. என்சலடஸ் இரண்டு சுற்றுச் சுற்றும் நேரத்தில் டயோன் என்னும் இன்னொரு துணைக்கோள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. டயோன் ஒழுங்காக இழுப்பதால் என்சலடஸின் பாதை முழுவட்டமாகாமல் நீள்வட்டமாகவே இருக்கிறது. 33 மணிக்கு ஒருமுறை சனி அதைப் பிசைந்து விடுகிறது.

2015 ஒக்டோபரில் காசினி அந்தப் பீறலினூடாகவே, தரையிலிருந்து 49 கிலோமீற்றர் உயரத்திற் பறந்தது. அதிலிருந்து ஐதரசன் வாயுவைக் கண்டார்கள். வேறு துகள்களில் கண்ட நுண்ணிய சிலிக்கா மணிகள், கடலடியில் 90 பாகைக்குக் குறையாத சூட்டில் நீர் பாறையைத் தொடுகிறது என்பதைக் காட்டின. பூமியின் ஆழ்கடலில், சூரியஒளி ஒருபோதும் படாத இடங்களில், இத்தகைய ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. என்சலடஸில் உயிர் கண்டுபிடிக்கப்படவில்லை. பத்திரிகைத் தலைப்புகள் சிலவேளை கண்டுபிடித்ததுபோலவே எழுதும், அதை நம்பவேண்டாம். கண்டது நீரும் உப்பும் காபன் சேர்வைகளும் வெப்பமும்தான்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பே காசினியின் முடிவை நிச்சயித்தது. கலத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்தால் அதைத் திருப்ப முடியாது, என்றோ ஒருநாள் அது என்சலடஸிலோ டைட்டனிலோ விழக்கூடும். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் அதில் இன்னும் இருந்தால், புளுத்தோனிய மின்கலத்தின் சூடும் சேர்ந்தால், அந்தக் கடலை நாம் கெடுத்தவர்களாவோம். பின்னால் அங்கே உயிரைக் கண்டாலும் அது அவ்விடத்ததா எம்முடையதா என்று சொல்ல முடியாது. ஆகவே இயங்கிக்கொண்டிருந்த கலத்தைச் சனிக்குள் செலுத்தி எரித்துவிடத் தீர்மானித்தார்கள். அதற்கு முன் வளையத்துக்கும் கோளுக்கும் இடையே 22 தடவை புகுந்து வரச் செய்தார்கள். வளையத்தின் பாரத்தை அப்போதுதான் அளக்க முடிந்தது. வளையம் சனியைவிட மிகவும் வயது குறைந்தது என்று சிலர் அதிலிருந்து முடிவு செய்தார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

2017 செப்டெம்பர் 15, வெள்ளிக்கிழமை. புரட்டாதி பிறக்க இரண்டு நாள் இருந்தது. மிதுனத்தில் சனி நின்றபோது அங்கே போய்ச் சேர்ந்த கலம், அது விருச்சிகத்தில் நின்றபோது முடிந்தது. சனியின் சுற்றிலே பாதிக்குச் சற்றுக் குறைவு. அதன் கடைசிச் சமிக்ஞையை வாங்கியது கன்பராவுக்கு அருகே டிட்பின்பில்லாவிலுள்ள பெரிய வானொலிக் கிண்ணம். எமது நேரம் இரவு 9 மணி 55 நிமிடம். நாமெல்லாம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அந்தச் சமிக்ஞை சனியிலிருந்து புறப்பட்டு 83 நிமிடங்கள் ஆகியிருந்தன. எனவே அது இங்கே கேட்டபோது அங்கே கலம் இல்லை.

கலம் அனுப்பியவை இன்னும் வாசிக்கப்படுகின்றன. பழைய துகள் அளவைகளை மறுபடி ஆராய்ந்து, அந்தக் கடலில் பொஸ்பேற்று உப்பும் உண்டு என்று 2023இல் அறிவித்தார்கள். டைட்டனின் தடித்த காற்றிலே பறந்து திரியக்கூடிய டிராகன்பிளை என்னும் கலத்தை 2028இல் அனுப்ப அமெரிக்கா திட்டமிட்டிருக்கிறது. அது அங்கே போய்ச் சேர 2034 ஆகும். இன்று எமது ஞாயிறு தமிழ் வகுப்பில் அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருப்பார்கள். விடுமுறையில் கன்பரா போகும் குடும்பங்கள் டிட்பின்பில்லாவுக்கும் ஒருதரம் போய் வரலாம். பார்வையாளர் நிலையம் இருக்கிறது, அந்தக் கிண்ணத்தை வெளியே நின்றே பார்க்கலாம்.